வலையோரத்தில் அசில்கான்

அசில்கான் அக்கா வலையோரம் எழும்பினால், எதிர்ப்பக்கம் நிற்கிறவர்கள் கையைத் தூக்குவதற்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஐம்பது தாண்டிய பிறகும் அவளுடைய அடி அப்படித்தான் இருந்தது. மலைகளுக்கு நடுவில் இருக்கும் கோச்கோர் வட்டாரத்தில் பெண்கள் வாலிபால் என்றால் முதலில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள், அடுத்த மூச்சில் அவள் பெயரைச் சொல்வார்கள்.

நான் பூரூல், பள்ளிக்கூடத்தில் சமையல் செய்கிறவள். அவளுக்கு அடுத்த வீடு. அணியில் அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தவளும் நான்தான். நான் தூக்குவேன், அவள் அடிப்பாள். எத்தனையோ வருஷமாக எங்களுக்குள் இதைத் தவிர வேறு ஏற்பாடு இருந்ததில்லை.

ஒரு இலையுதிர் காலத்தில் அந்த ஏற்பாடு கெட்டது. நான் தூக்கிக் கொடுத்த பந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. அவள் அசையவே இல்லை.

"எங்கடி குடுக்கறே? வானத்துக்கா?" என்றாள்.

"உன் மூக்குக்கு நேராத்தானே அக்கா குடுத்தேன்."

"என் மூக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் வீட்டு வாசல் தூணில் இடதுதோளை இடித்துக்கொண்டாள். ஒரு விருந்தில் கிண்ணத்தில் ஊற்ற வேண்டிய தேநீரை மௌலவி ஐயாவின் முழங்காலில் ஊற்றினாள். பாவம், அவர் குதித்த குதிப்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அவள் கணவர் ஜுமாதில் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வட்டார மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பினார்கள்.

கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பைச் சத்தமில்லாமல் தின்றிருந்தது. இடதுகண்ணில் பாதிக்குமேல் போய்விட்டது. வலதுகண்ணில் இப்போதுதான் தொடங்கியிருந்தது. குளிர்காலம் முழுவதும் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தார்கள். வலதுகண் சொன்னபடி கேட்டது, இடதுகண் கேட்கவில்லை. பனி இளகும் சமயத்தில் அந்தக் கண்ணில் அறுவைசிகிச்சை செய்தார்கள்.

டாக்டர் எல்னுரா இளம்பெண், ஆனால் பேச்சில் குழைவு கிடையாது. "அம்மா, தண்ணி வடியற வழி அடைச்சுப்போச்சு. மேல் இமைக்கு அடியில புதுசா ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கேன். போன பார்வை போனதுதான், அது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தத்தான் இவ்வளவும். அந்த வாய்க்கால் சரியா நிக்கணும்னா நீங்க சும்மா இருக்கணும்" என்றாளாம்.

"சும்மான்னா?"

"குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, மூச்சை அடக்கி முக்கக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது. தண்ணி, தூசி, புகை எதுவும் கண்ணுல படக்கூடாது. தூங்கும்போது கண்ணுக்கு மூடி போட்டுக்கணும்."

"வாலிபால்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாளாம். "முதல்ல நடங்க. நான் சொல்றப்போ. அப்புறம் பேசலாம்."

ஊர் திரும்பியதும் ஜுமாதில் அண்ணன் இந்தக் கூடாதுகளைத் தொழுகைச் சொற்கள் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார். அவர் ஒருகாலத்தில் கோக்-போரு ஆடியவர். ஆட்டுடலைத் தரையிலிருந்து ஒற்றைக்கையால் அள்ளி, குதிரையைப் பாயவிட்டு, பத்துப்பேர் மறித்தாலும் இலக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். மீசையும் நெஞ்சும் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கின்றன. பார்க்க வந்த பெண்கள் ரொட்டியோடு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். தேன் விடு என்றாள் ஒருத்தி. ஆறின தேநீரில் கழுவு என்றாள் இன்னொருத்தி. அண்ணன் கையில் சாட்டையோடு கதவில் சாய்ந்து நின்றார்.

"ரொட்டியை உள்ள வைங்க. தேனை நானே குடிச்சுக்கறேன். அவ கண்ணுகிட்ட டாக்டர் குடுத்த சொட்டைத் தவிர எது வந்தாலும் சாட்டைதான் பேசும்."

பிள்ளைகள் இருவரும் ரஷ்யாவில் வேலையில் இருந்தார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தண்ணீர் தூக்குவது, அடுப்பு, சாணவறட்டி எல்லாவற்றையும் அண்ணன் எடுத்துக்கொண்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதாள். தரையில் நெற்றி வைக்க முடியாதது அவளுக்குப் பெரிய குறை. மௌலவி ஐயா வந்து, "முழங்கால்ல தேநீர் ஊத்தினதையே மன்னிச்சவன்மா நான், கடவுள் இதை மன்னிக்க மாட்டானா?" என்று சொன்ன பிறகுதான் சமாதானமானாள்.

சிக்கல் பசுவால் வந்தது. ஆலா அப்போதுதான் கன்று போட்டிருந்தது. கறக்க வேண்டுமானால் குனிய வேண்டும், மாட்டின் வால் வேறு சுழன்று கண்ணில் அடிக்கும். அக்கா கொட்டிலுக்குப் பக்கமே போகக்கூடாது. நான் போனேன். ஆலா வாளியை உதைத்துக் கவிழ்த்தது. மறுநாள் என்னையே உதைத்தது. மூன்றாம் தடவை மடியை இறுக்கிக்கொண்டு ஒரு சொட்டு விடவில்லை.

"அதுக்கு என் வாசனை வேணும்டி. நான் வந்து பக்கத்துல நிக்கறேன்" என்றாள் அக்கா.

"நில்லு கிழவி. ஒரு அடி எடுத்து வச்சே, மாட்டை வித்துடுவேன்" என்றார் அண்ணன்.

பிறகு நடந்ததை ஊரே பார்த்தது. ஜுமாதில் அண்ணன் அக்காவின் பஞ்சுவைத்த மேலங்கியைத் தோளில் இறுக்கி மாட்டிக்கொண்டு, அவளுடைய பூப்போட்ட தலைத்துணியைத் தாடைக்குக் கீழே முடிச்சுப்போட்டு, வாளியோடு கொட்டிலுக்குள் போனார். மீசை மட்டும் வெளியே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் குதிரையை அடக்குவார்கள், ஆட்டை அறுப்பார்கள். பசுவின் மடியில் மட்டும் கைவைக்க மாட்டார்கள். ஆலா மோந்து பார்த்தது. அங்கியை ஒருமுறை நக்கியது. பிறகு பால் விட்டது.

வேலிக்கு வெளியே அவருடைய பழைய கூட்டாளிகள் வரிசையாக நின்றார்கள்.

"அடடே, ஜுமாதில் வீட்டுக்குப் புது மருமக வந்திருக்கா! முகத்தைக் காட்டும்மா, மொய் வைக்கறோம்!"

"மீசை வச்ச மருமகப்பா, வரதட்சணை ஜாஸ்தி!"

அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு நிதானமாக வெளியே வந்தார். தலைத்துணியை அவிழ்க்கக்கூட இல்லை.

"ஆட்டைத் தூக்கிட்டுக் குதிரையில பாஞ்சப்போ கைதட்டினீங்களே, அது பெரிய விஷயமில்லடா. இது பெரிய விஷயம். ஆம்பளையா இருந்தா வாங்க, வந்து ஒரு கிண்ணம் கறந்து காட்டுங்க."

ஒருத்தரும் வரவில்லை. ஜன்னலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சிரித்தால் கண் அதிரும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் நிமிர்ந்து நின்று அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கோக்-போரு காலத்தில்கூட அவரை அவள் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

சும்மா இருப்பது அவளுக்கு எளிதாக வரவில்லை. ஒருநாள் முற்றத்து அடுப்பில் கறிக்குழம்புக் கொப்பரை ஒருபக்கமாகச் சரியத் தொடங்கியது. அவள் கை பாய்ந்தது. அதன் காதைப் பிடித்துத் தூக்க ஒரு விரல் தூரம்தான் பாக்கி. அங்கேயே நிறுத்தினாள். கொப்பரை கவிழ்ந்து குழம்பெல்லாம் சாம்பலில் ஓடியது. நான் ஓடி வந்தபோது ஆவிக்கு எட்டாமல் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சே அக்கா!"

"போகட்டும். கோட்டுக்கு வெளிய போற பந்தை அடிக்காம விடறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது. நான் விட்டேன் பாரு!" என்றாள். கறி போன துக்கம் துளியும் இல்லை, முகத்தில் வெற்றிதான் இருந்தது. நாய்கள் அன்று நன்றாகச் சாப்பிட்டன.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் நடக்கச் சொன்னாள். வாய்க்கால் கரையில் பாப்ளர் மரங்களுக்கு அடியில் நானும் அவளும் காலையில் நடந்தோம். முதலில் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். இடதுபக்கத்திலிருந்து எது வந்தாலும் திடுக்கிட்டாள். கழுதைவண்டி, சைக்கிள், வாத்துக்கூட்டம் எல்லாம் அவளுக்கு வெறுங்காற்றிலிருந்து குதித்த மாதிரிதான். ஒரு காலையில், ஒரு வாத்து கொத்திய பிறகு, நின்றுவிட்டாள்.

"வாத்துக்கெல்லாம் நான் பயப்படறேன் பூரூல். நானா இது?" என்றாள். பிறகு கையை என்னிடமிருந்து உருவிக்கொண்டு, நான்கு எட்டுக்கு ஒருமுறை தலையை இடதுபக்கம் முழுசாகத் திருப்பிப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். கோழி நடப்பது போலிருந்தது. பிள்ளைகள் பின்னால் வந்து அப்படியே நடந்து காட்டினார்கள். அவள் அவர்களையும் திரும்பிப் பார்த்தாள். "நல்லாப் பழகிக்குங்கடா, எனக்குக் கோழி நடை, உங்களுக்குக் கோழி மூளை!" என்றாள்.

கோடை தொடங்கியபோது ஆடுகளத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார ஆரம்பித்தாள். பந்து அவள் காலடிக்கு உருண்டு வரும். குனிய மாட்டாள். காலால் நிறுத்தி எங்களுக்குத் தட்டிவிடுவாள். அவள் இல்லாமல் நாங்கள் மோசமாக ஆடினோம். அதை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். நாங்களும் மறுக்கவில்லை.

கோடை முற்றியதும் மறுபடி பிஷ்கெக். அழுத்தம் நன்றாக இறங்கி நின்றிருந்தது. அக்கா தன் கேள்வியை மறுபடி கேட்டாள். டாக்டர் இன்னொரு தடவை கண்ணைச் சோதித்துப் பார்த்தாளாம்.

"அந்தக் கண்ணுல ஒரு பந்து பட்டா, நான் செஞ்சதெல்லாம் வீண். கெட்டியான விளையாட்டுக் கண்ணாடி இல்லாம களத்துல கால் வைக்கக்கூடாது. பாஞ்சு தரையில விழக்கூடாது. கண்ணு சிவந்தாலோ, வலிச்சாலோ, மங்கினாலோ, அன்னைக்கே இங்க வரணும். நாளைக்குன்னு சொல்லக்கூடாது. இதெல்லாம் சம்மதம்னா ஆடுங்க."

"சம்மதம்" என்று முதலில் சொன்னது ஜுமாதில் அண்ணன்தான்.

மூத்த மகன் கசான் நகரத்திலிருந்து கண்ணாடி அனுப்பினான். தடித்த கண்ணாடி, தலையைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. அதை மாட்டிக்கொண்டு அவள் களத்துக்கு வந்தபோது எங்கள் அணியின் கடைக்குட்டி, நாற்பத்தாறு வயது சயரா, "அக்கா, எங்க வீட்டுக் கேட்டுக்குக் கொஞ்சம் வெல்டிங் வேலை இருக்கு" என்றாள்.

"முதல்ல உன் வாயைப் பத்தவைக்கறேன், வா" என்றாள் அக்கா.

சிரிப்பு அதோடு முடிந்தது. முதல் பந்து இடதுபக்கம் வந்தது, தோளில் பட்டது. அடுத்தது காதில் பட்டது. பழைய இடத்தில் நின்று எழும்பி அடிக்கப் பார்த்தாள், கை காற்றைத்தான் அடித்தது. எல்லோரும் போன பிறகும் என்னை நிற்கச் சொன்னாள்.

"இடப்பக்கமாவே போடு."

"வேணாம் அக்கா, பட்டுடும்."

"படட்டும், தோள்லதானே. தோளுக்கு யாரும் ஆபரேஷன் பண்ணலை."

போட்டேன். நாள்தோறும் போட்டேன். சில நாள் எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. அப்படி ஒருநாள் சாயங்காலம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வலையையே பார்த்தாள். வலையின் இடதுமூலைக்குப் போய், இடதுதோள் வலையைத் தொடுகிற மாதிரி, எங்கள் பக்கம் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"இங்க நின்னா என் இடப்பக்கம் யார் இருக்கா?"

"வலைதான் இருக்கு."

"நீங்கல்லாம் எங்க இருக்கீங்க?"

"உனக்கு முன்னால. வலப்பக்கமா."

"அப்போ நம்ம பந்து அத்தனையும் எனக்குத் தெரியும். அடிக்கறது இனிமே என் வேலையில்லை. நான் தூக்கிக் குடுக்கறேன், நீ அடி."

"நானா?" என்றேன். வாழ்நாளில் நான் எழும்பியது ரொட்டி மாவு அலமாரியின் மேல்தட்டுக்குத்தான்.

"உனக்குக் கை இருக்கு, கோபமும் இருக்கு. இத்தனை வருஷமா என்கிட்ட ஏச்சு வாங்கினியே, அதெல்லாம் எங்க போச்சு? அதை எடுத்து அடி."

வாலிபாலில் வலையோரத்தில் நின்று அடிக்கிறவளுக்குத்தான் கைதட்டல். அதை அவளே எனக்கு எடுத்துக் கொடுத்தாள். அவள் தூக்கிய பந்து, தட்டில் வைத்து நீட்டியது போல என் கைக்கு எதிரே நின்றது. பந்து எங்கே நிற்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்று இத்தனை வருஷம் அடித்தவளுக்குத்தானே தெரியும்! இடதுபக்கம் எது போனாலும், "இடது!" என்று மற்ற ஐந்துபேரும் கத்தப் பழகினோம். என் அடி கோட்டுக்கு உள்ளே விழ மிச்சமிருந்த கோடை முழுவதும் தேவைப்பட்டது.

இலையுதிர் காலத்தில் குதிரைப் பந்தய மைதானத்தில் போட்டி. மலையில் புதுப்பனி விழுந்திருந்தது. கீழே நல்ல வெயில். அரையிறுதியில் எங்களுக்கு எதிரே ஆற்றுக்கு அக்கரை ஊர். அதன் தலைவி கூலாய், அக்காவுக்கு இருபது வருஷப் பகை. களத்தில் மட்டும்தான் பகை. மற்றபடி ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

முதல் சுற்றில் கூலாய் இரண்டு பந்து பார்த்தாள், புரிந்துகொண்டாள். அதன்பிறகு அவள் ஆட்கள் எல்லாப் பந்தையும் அக்காவின் இடதுதோளுக்குப் பின்னால் உள்ள மூலையில் மெல்லத் தட்டி இறக்கினார்கள். நாங்கள் கத்துவதற்குள் பந்து தரையில் இருந்தது. சுற்றைத் தோற்றோம். எங்கள் ஊர்க்காரர்கள் வேலியோரம் கொதித்தார்கள். "கண்ணு தெரியாதவ பக்கம் அடிக்கறியே, வெக்கமா இல்ல?" என்று ஒருவன் கத்தினான்.

அக்கா அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள். "வாயை மூடுடா! அவ சரியாத்தான் ஆடறா. நானா இருந்தாலும் அங்கதான் அடிப்பேன். பாவம் பார்த்து வேற பக்கம் போட்டிருந்தா, அப்போதான் அவளை அடிச்சிருப்பேன்."

கூலாய் வலைக்கு அந்தப்பக்கம் நின்று மெதுவாகத் தலையசைத்தாள்.

இடைவேளையில் அண்ணனின் கைப்பேசி அலறியது. சொட்டுமருந்து நேரம். மைதானத்தில் காற்று எழும்பிப் புழுதி பறந்துகொண்டிருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்ற யோசித்தாள். அப்போது கூலாய் தன் கம்பளிப் போர்வையோடு வந்தாள். காற்று வருகிற பக்கம் நின்று போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அவளைப் பார்த்து அவள் அணியும் வந்தது, எங்கள் அணியும் போய் நின்றது. பெண்கள் ஒரு கூடாரச் சுவர் மாதிரி நின்ற அந்த வட்டத்துக்குள், அண்ணன் கையைக் கழுவித் துடைத்து, மனைவியின் தலையைச் சாய்த்து, இமையை இழுத்து ஒரு சொட்டு விட்டார். நடுவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் கூலாய்.

"முடிஞ்சுது. நன்றி."

"நன்றியெல்லாம் வேணாம். மறுபடி அங்கதான் போடுவேன்."

"போடு. நானும் அங்கதான் இருப்பேன்."

அப்படியே நடந்தது. எங்கே வரும் என்று தெரிந்த பந்துக்குக் கண் எதற்கு? கூலாயின் ஆட்கள் கையை மடக்கும்போதே அக்கா தலையைத் திருப்பி, ஒரு எட்டுப் பின்னால் வைத்துத் தயாராக இருந்தாள். பந்து அவள் கைமேல் வந்து இறங்கியது. இரண்டு தடவை, மூன்று தடவை. பிறகு அவர்கள் வேறு பக்கம் அடிக்கத் தொடங்கினார்கள், அங்கே நாங்கள் இருந்தோம். அவள் தூக்கினாள், நான் அடித்தேன். என் அடிக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். இரண்டாம் சுற்று எங்களுக்கு வந்தது. கடைசிச் சுற்றில் கடைசிப் பந்தை நான் அடிப்பேன் என்று எதிரணியின் முன்வரிசை மூன்றுபேரும் என்னோடு எழும்பினார்கள். அக்கா எனக்குத் தூக்குகிற மாதிரி கையை உயர்த்தி, திரும்பிப் பார்க்காமலே, தனக்குத் தெரியாத அந்த இடப்பக்கம் வலைக்கு மேலே பந்தை நகத்தால் தள்ளுவது போலத் தள்ளினாள். ஒருவரும் இல்லாத இடத்தில் அது விழுந்தது.

வேலியில் கட்டியிருந்த குதிரைகள் மிரளும்படி கூச்சல் எழுந்தது. கொட்டில் வேலிக்கு வெளியே நின்று 'புது மருமக' என்று கேலி செய்த அதே கூட்டாளிகள் ஜுமாதில் அண்ணனைத் தோளில் தூக்கினார்கள். "என்னை ஏண்டா தூக்கறீங்க, ஆடினது அவ!" என்று அவர் மேலே இருந்து கத்தினார். அவளைத் தூக்க ஒருவரையும் விடவில்லை.

இறுதிப்போட்டியில் நாரின் நகரத்து அணியிடம் தோற்றோம். எங்கள் மகள் வயசுப் பெண்கள் அவர்கள், நல்ல ஆட்டக்காரிகள், தோற்றது நியாயம்தான். ஆளுக்கொரு மின்சாரத் தேநீர்க்கெண்டியும், அணிக்கு ஒரு வெள்ளிக்கோப்பையும் கொடுத்தார்கள்.

மறுவாரம் பரிசோதனைக்குப் போகிற வழியில், கணவாய்க்குக் கீழே லாரிக்காரர்கள் நிறுத்தும் தேநீர்க்கடையில் இறங்கினோம். நானும் கூடப் போயிருந்தேன். அண்ணன் கோப்பையைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். டாக்டரிடம் காட்டத்தானாம். ஆனால் கடையில் உட்கார்ந்ததுமே அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

பக்கத்து மேசை லாரி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, யாருக்குக் கோப்பை?"

"என் கிழவிக்கு. வாலிபால். கண்ணுல ஆபரேஷன் பண்ணிட்டு வந்து ஆடினா."

"அப்பாடி! முதல் பரிசா?"

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது. முதல் பரிசு நாரின்காரிங்க."

"ரெண்டு கண்ணு இருக்கறவங்கள்ல ரெண்டாவது" என்றார் அண்ணன். "ஒண்ணரைக் கண்ணு இருக்கறவங்கள்ல முதல்."

ஓட்டுநர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைசியாக வந்தவர் அவளுடைய இடதுபக்கத்திலிருந்து கை நீட்டினார். அவள் அதற்கு முன்பே அவர் பக்கம் தலையைத் திருப்பியிருந்தாள்.